மஞ்சள் அல்லியும் நீலோற்பலமும்

திருக்கோணமலை மாவட்டத்துக் குளங்களில் வெள்ளல்லி உண்டு, செவ்வல்லி உண்டு, நீல அல்லி உண்டு, தாமரையும் உண்டு. மஞ்சள் அல்லி மட்டும் இல்லை. மேல்நாட்டுப் படப்புத்தகங்களிலே குளம் என்று வரைந்த இடமெல்லாம் உருண்டு திரண்ட மஞ்சட்பூ ஒன்று நீருக்கு மேலே தலை நீட்டி நிற்கக் காண்கின்றோம். நிலாவெளிச் சிறுவன் ஒருவன் அப்படத்தைக் கையிலேந்தி ஊர்க் குளமெல்லாம் சுற்றி வந்தாலும் அப்பூவைக் காணமாட்டான். காணாமற்போனதில் வியப்பில்லை, அது குளிர்நாட்டுச் செடி. வியப்பெல்லாம் அதன் பெயரிலேதான் இருக்கின்றது. தாவரவியலார் அதற்கு இட்டிருக்கும் பெயர் நூபார் லூட்டியா. இதில் லூட்டியா என்பது மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல். நூபார் என்பதோ, மொழிநூலார் காட்டும் வழியே பின்னோக்கிச் சென்றால், நம் குளத்து நீலோற்பலத்தில் வந்து முடிகின்றது. நீலப்பூவின் பெயரை மஞ்சட்பூ சூடிக்கொண்டிருக்கின்றது. ஒரு பூவின் பெயர் இன்னொரு பூவின்மேல் ஏறிய இக்கதை அத்துடன் நிற்கவில்லை. இலங்கையின் தேசிய மலர் வரையில் அது நீண்டு வந்திருக்கின்றது.

நிலாவெளி கடலோரத்துச் சிற்றூர். திருக்கோணமலை நகருக்கு வடக்கே, கிழக்குக் கரையோரமாகச் செல்லும் வீதியில் அமைந்தது. ஒருபுறம் கடலும் மணலும்; மறுபுறம் களப்பும் வயலும் குளமும். பண்டைத் தமிழர் வகுத்த ஐந்திணையில் இது நெய்தல் நிலம். கடலும் கடல்சார்ந்த இடமும் என்று சொல்லப்படும் அந்நிலத்திற்குப் பெயர் தந்தது கடல்மீனுமன்று, கடற்கரைத் தாழையுமன்று. உப்பங்கழிக்கு அப்பால் நன்னீர் தேங்கும் பள்ளங்களிலே பூக்கும் ஒரு நீர்ப்பூ. கடலோடு வாழ்ந்த மக்கள் தம் நிலத்திற்கு நன்னீர்ப்பூவின் பெயரை வைத்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. கரையிலே வாழ்பவனுக்குக் குடிநீர் இருக்குமிடமே உயிர்நிலை. அவ்விடத்தைத் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுப்பது பூ.

அந்த நன்னீர் நிலாவெளியில் பழையது. இவ்வூரிற் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டொன்று, கோணமலையிற் கோயில்கொண்ட இறைவனுக்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்ட செய்தியைக் கூறுகின்றது. இந்த வறண்ட கீழ்க்கரையிலே குளமின்றி வயலில்லை. இங்கிருந்து தொலைவிலில்லாத பெரியகுளத்தை அடுத்து வெல்கம் விகாரை இருக்கின்றது. நாதனார் கோயில் என்று தமிழ் மக்கள் வழங்கிய அவ்விடம், சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு விளங்கியதை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுக்கள் தெரிவிக்கின்றன. சைவக் கோயிலாயினும் பௌத்தப் பள்ளியாயினும் பூசைக்குப் பூ வேண்டும். அடுத்த குளத்திலே பூத்த அல்லியும் தாமரையும் நீலோற்பலமும் இரு வழிபாட்டிற்கும் பொதுவாயின. திருவாரூர்ப் பெருங்கோயிலிலே அம்மைக்கு நீலோற்பலாம்பாள் என்றே பெயர்.

இனி, நம் முன்னோர் இப்பூக்களை எவ்வாறு பிரித்தறிந்தனர் என்று பார்ப்போம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டிலே அடுக்கிவரும் மலர்ப் பெயர்களில் ஆம்பலும் குவளையும் நெய்தலும் தனித்தனியே நிற்கின்றன. ஆம்பல் என்பதே அல்லி, இரவிலே மலர்வது. வெண்ணிறத்ததைக் குமுதம் என்றும் வழங்குவர். நெய்தல் பகலிலே மலர்ந்து மாலையிலே கூம்புவது. குவளை என்ற பெயர் நீலத்திற்கும் சிவப்பிற்கும் வழங்கியமையால், கருங்குவளை என்றும் செங்கழுநீர் என்றும் அடைகொடுத்துப் பேசினர். உரைகாரரிடையே இப்பெயர்களிற் சிற்சில மயக்கங்கள் உண்டு. ஆயினும் பூவின் நிறத்தை மட்டும் நம்பாமல், அது மலரும் பொழுதையும் ஓர் அடையாளமாகக் கொண்டது அவர்களுடைய நுண்ணறிவைக் காட்டும். நிறம் ஏமாற்றும், பொழுது ஏமாற்றாது. இன்றைய தாவரவியலாரும் வெப்பநாட்டு அல்லிகளைப் பகலில் மலர்வன, இரவில் மலர்வன என்றே முதலிற் பிரிக்கின்றனர்.

நெய்தல், குவளை, ஆம்பல் என்பன பழந்தமிழில் பேரெண்களின் பெயர்களாகவும் வழங்கின. எண்ணி முடியாத தொகையைச் சொல்லவந்தவன் குளத்தை நினைத்திருக்கின்றான். பூத்த குளமொன்றைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதன் பொருத்தம் விளங்கும்.

அல்லி கண்ணுக்கு மட்டும் பயன்பட்ட பூவன்று. அதன் காய்க்குள்ளே கடுகினுஞ் சிறிய விதைகள் நிறைந்திருக்கும். அவ்விதையை எடுத்து உலர்த்தி அரிசிபோற் சமைப்பர். சேற்றிலுள்ள கிழங்கையும் அவித்துண்பர். புறநானூற்றிலே ஒக்கூர் மாசாத்தனார் பாடிய செய்யுள், கணவனை இழந்த பெண்ணுக்கு உணவாக வந்த அல்லியரிசியைப் பற்றியது. இளமையிலே தழையுடையாக உதவிய அதே ஆம்பல் கைம்மையிலே சோறாகின்றது என்பது அதன் பொருள். மழை பொய்த்த ஆண்டுகளிலே இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் அல்லிவிதையும் கிழங்கும் ஏழைகளின் பசியை ஆற்றின.

இப்போது பெயரின் பயணத்திற்கு வருவோம். வடமொழியிலே நீலம், உற்பலம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து நீலோற்பலம் ஆயிற்று. நீலநிற நீர்ப்பூ என்பது பொருள். இந்தியாவோடு வாணிகமும் மருத்துவமும் பரிமாறிக்கொண்ட பாரசீகர் வாயிலே அது நீலூபர் என்று சுருங்கியது. பாரசீகத்திலிருந்து அரபுமொழிக்குச் சென்றது. அராபிய மருத்துவ நூல்கள் இலத்தீனிலே பெயர்க்கப்பட்டபோது நெனூபார் என்னும் உருவத்தோடு ஐரோப்பாவினுள் நுழைந்தது. பிரெஞ்சுக்காரர் நீரல்லியை இன்றும் ஏறக்குறைய அப்பெயராலேயே அழைக்கின்றனர். துருக்கியிலே நிலுபேர் என்று பெண்களுக்குப் பெயரிடுகின்றனர். யூனானி மருந்துக் கடையிலே நீலூபர் சர்பத்து என்று கேட்டு வாங்குகின்றவர்களும், தாம் உச்சரிப்பது நீலோற்பலம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஐரோப்பாவின் குளங்களிலோ நீல அல்லி இல்லை. அங்கே இருந்தவை வெள்ளையும் மஞ்சளுமே. எனவே வந்த சொல்லுக்கு அங்கிருந்த பூக்கள் உரியவாயின. 1753ஆம் ஆண்டிலே சுவீடன் தேசத்துப் பேரறிஞர் லின்னேயசு உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் வகுத்தபோது, வெள்ளல்லி, மஞ்சளல்லி, எகிப்து நாட்டு அல்லி, நம் தாமரை ஆகிய நான்கையும் நிம்பேயா என்ற ஒரே இனத்திலே அடைத்துவிட்டார். நம் நாட்டு உழவன் ஒருவன் அருகிலிருந்தால் தாமரையை அல்லியோடு சேர்க்க உடன்பட்டிருக்க மாட்டான். தாமரையிலை நீரிலிருந்து எழுந்து குடைபோல் நிற்கும்; காம்பு இலையின் நடுவிலே பொருந்தும்; காயோ பல துளையுள்ள கிண்ணம் போன்றது. அல்லியிலை நீரின்மேற் படிந்து கிடக்கும். அதன் அடியிலே பிளவுண்டு. பின்வந்த அறிஞர் தாமரையைப் பிரித்தெடுத்தனர். நம் காலத்து மரபணு ஆராய்ச்சியோ இவ்விரண்டும் ஒரே நீரில் வாழ்ந்தாலும் உறவினமல்ல என்று முடிவாகக் காட்டிவிட்டது. தாமரைக்கு நெருங்கிய உறவு நிலத்திலே நிற்கும் சில பெருமரங்கள். அல்லிக் குடும்பமோ பூக்கும் தாவரங்களின் பெருமரத்திலே மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று. 2020ஆம் ஆண்டிலே அல்லியொன்றின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து வெளியிடப்பட்டபோது இது மேலும் உறுதிப்பட்டது.

1809ஆம் ஆண்டிலே ஆங்கிலத் தாவரவியலார் ஜேம்சு எட்வேர்டு சிமித்து மஞ்சளல்லியை வெள்ளல்லியிலிருந்து பிரித்துத் தனியினமாக்கினார். அதற்கு அவர் எடுத்த பெயரே நூபார். பெயர் பொருந்தாதாயினும், பிரித்தது மிகச் சரியானது. ஏனெனில் மஞ்சளல்லியின் உடற்கூறு வேறு.

அதன் பூவைக் கையிலெடுத்துப் பார்ப்பவர், மஞ்சளாகத் தோன்றுவன இதழ்களே என்று எண்ணுவர். அவை இதழ்களல்ல, புல்லிகள். மற்றைப் பூக்களிலே பச்சையாக வெளியில் நின்று மொட்டைக் காக்கும் உறுப்பு, இங்கே ஐந்தாகவோ ஆறாகவோ தடித்து, மஞ்சள் பூசிக்கொண்டு, பூச்சிகளை அழைக்கும் வேலையையும் மேற்கொள்கின்றது. உண்மையான அல்லிகள் சிறு செதில்கள்போல் உள்ளே ஒடுங்கியிருந்து தேன் சுரக்கின்றன. நடுவிலே சூலகத்தின் மேற்புறம் தட்டையான வட்டமாகி, வண்டிச் சக்கரத்து ஆரங்கள்போல் கோடுகளோடு விளங்கும். பூவுக்குச் சாராயத்தின் வாடை உண்டு. காயின் வடிவமோ குடுவை. இரண்டையுஞ் சேர்த்துப் பார்த்த ஆங்கில நாட்டுப்புற மக்கள் இதற்குப் பிராந்திப் போத்தல் என்று பெயரிட்டனர். அறிஞர் இட்ட பெயரைவிட அது பொருத்தமானது என்றே சொல்லவேண்டும்.

நம் நீல அல்லியோ இதற்கு நேர்மாறானது. அதன் புல்லிகள் நான்கும் புறத்தே பச்சை. நிறமும் அழகும் இதழ்களுக்குரியன. இதழ்களும் மகரந்தத் தாள்களும் சூலகத்தின் பக்கங்களிலே ஒட்டி வளர்கின்றன. முதல்நாள் பூ பெண்ணாக மலர்கின்றது; அதன் நடுக் கிண்ணத்திலே நீர் போன்ற சுரப்புத் தேங்கியிருக்கும். வேறொரு பூவிலிருந்து மகரந்தத்தோடு வருகின்ற வண்டு அதிலே விழுந்தால், மகரந்தம் கழுவப்பட்டுச் சூலகத்தைச் சேரும்; சிறுவண்டு சில வேளைகளில் மீளாமல் மாண்டுபோவதுமுண்டு. அடுத்த நாள் அச்சுரப்பு வற்றிவிட, பூ ஆணாகி மகரந்தம் உதிர்க்கின்றது. கருவுற்றபின் காம்பு வளைந்து காயை நீருக்குள்ளே இழுத்துக்கொள்ளும். மஞ்சளல்லியின் காய் அவ்வாறு அமிழ்ந்து முதிர்வதில்லை; நீர்மட்டத்திலேயே நின்று முதிர்ந்து, துண்டு துண்டாகப் பிரிந்து மிதந்து செல்கின்றது.

மஞ்சளல்லியைப் பற்றிக் கண்டறியப்பட்டவற்றுள் மிக வியப்பானது அதனுள் வீசும் காற்று. அதன் தண்டு ஆளின் கையளவு பருத்து, குளத்துச் சேற்றிலே புதைந்து கிடக்கும். சேற்றிலே பிராணவாயு இல்லை. அங்கே அது எவ்வாறு உயிர்வாழ்கின்றது? 1980ஆம் ஆண்டிலே அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஜோன் டேசி இதற்கு விடை கூறினார். புதிதாக விரிந்த இளம் இலைகள் வெயிலிலே சூடாகும்போது அவற்றினுள்ளே காற்றின் அமுக்கம் கூடுகின்றது. அக்காற்று காம்பினுள் அமைந்த குழாய்கள் வழியே கீழிறங்கித் தண்டைச் சென்றடைந்து, அங்கிருந்து முதிர்ந்த இலைகளின் காம்புகள் வழியே மேலேறி வெளியேறுகின்றது. இளையவை மூச்சை உள்ளிழுக்க, முதியவை வெளிவிடுகின்றன. ஓர் இயந்திரமுமின்றி, வெயிலையே விசையாகக் கொண்டு ஒரு செடி முழுவதும் காற்றோட்டம் நடைபெறுகின்றது. நம் அல்லிக்காம்பை ஒடித்துப் பார்த்தாலும் அதனுள்ளே குழாய்கள் தெரியும். சிறுவர் அக்காம்பை மாறி மாறி ஒடித்து மாலையாகத் தொங்கவிடுவது வழக்கம். அவ்விளையாட்டிலே கையில் ஒட்டும் துளைகள் காற்றுவழிகளே.

மஞ்சளல்லி ஐரோப்பா முழுவதும், மேற்காசியாவிலும் வளர்வது. இந்திய உபகண்டத்திலே காசுமீரத்துக் குளிர்நீர் ஏரிகள் வரையில் வந்து நின்றுவிட்டது. அதற்குத் தெற்கே இறங்கவில்லை. இலங்கைச் செடிகளை ஆராய்ந்தவர்களின் ஏடுகளைப் புரட்டினால் இது தெளிவாகும்.

அவ்வேடுகளின் வரலாறு ஒல்லாந்தர் காலத்திலே தொடங்குகின்றது. மலையாளக் கரையிலே ஒல்லாந்த ஆளுநராயிருந்த வான் ரீடு, உள்ளூர் வைத்தியர்களின் துணைகொண்டு மலபார்ச் செடிகளைப் பன்னிரண்டு பெருந்தொகுதிகளாக 1678 முதல் 1693 வரை வெளியிட்டார். அதிலே வெள்ளல்லி ஆம்பல் என்றும், நீல அல்லி சிற்றாம்பல் என்றும் நாட்டுப் பெயராலேயே படத்தோடு இடம்பெற்றன. அதே காலத்தில் ஒல்லாந்தக் கும்பனியின் வைத்தியராக இலங்கையில் இருந்த போல் ஏர்மன், இங்குள்ள செடிகளைப் பறித்து உலர்த்தி ஏடுகளில் ஒட்டிக்கொண்டு சென்றார். அவர் இறந்தபின் அவ்வேடுகள் பல கை மாறி, தென்மார்க்கு நாட்டு அரசமருந்தாளர் ஒருவரிடம் கிடந்தன. அவற்றை இரவலாகப் பெற்று ஆராய்ந்த லின்னேயசு 1747இல் இலங்கைச் செடிகளைப் பற்றித் தனிநூலொன்று வெளியிட்டார். இலங்கையைக் கண்ணாற் காணாதவர், அறுபதாண்டுக்கு மேல் காய்ந்து கிடந்த இலைகளைக் கொண்டு இந்நாட்டுத் தாவரவியலுக்கு அடிகோலினார். அவ்வேடுகள் இன்று இலண்டன் இயற்கைவரலாற்று அருங்காட்சிச்சாலையிற் காக்கப்பட்டு வருகின்றன.

நம் நீல அல்லிக்கு 1768இல் நிக்கலாசு பேர்மன் என்னும் ஒல்லாந்தர் நிம்பேயா நௌசாலி என்று பெயரிட்டார். 1799இல் செருமானியரான வில்டெனோ, வான் ரீடின் சிற்றாம்பலை வைத்து நிம்பேயா ஸ்டெலாட்டா என்று இன்னொரு பெயரிட்டார். இப்பெயரே நெடுங்காலம் வழங்கியது. பின்னர் முந்திய பெயருக்கே உரிமை என்னும் விதிப்படி நௌசாலி நிலைபெற்றது. உலர்ந்த ஏட்டிலே நீலம் வெளிறிவிடும். பூவின் உண்மை நிறத்தைக் காணாமலே பெயர் சூட்டுபவர் பலர். ஆகவே ஒரு பூவுக்குப் பல பெயரும், பல பூவுக்கு ஒரு பெயரும் வந்தன.

பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த என்றி திரைமன் 1893இல் வெளியிடத் தொடங்கிய இலங்கைத் தாவரநூலே இம்மயக்கங்களைப் பெரிதும் தீர்த்தது. காடுமேடெல்லாம் சுற்றிச் செடிகளை உயிரோடு கண்டவர் அவர். அறிவியற் பெயரோடு சிங்களப் பெயரையும் தமிழ்ப் பெயரையும் சேர்த்தெழுதியது அவருடைய நூலின் தனிச்சிறப்பு. நூல் முடியுமுன்னே 1896இல் அவர் காலமானார். எஞ்சியதை யோசேப்பு ஊக்கர் 1900இல் நிறைவேற்றினார். அந்நூலிலே அல்லியும் நீல அல்லியும் தாமரையும் இந்நாட்டுச் செடிகளாகக் காணப்படுகின்றன, மஞ்சளல்லி இல்லை.

அப்படியாயின் இன்று கொழும்பிலும் கண்டியிலும் வீட்டுத் தொட்டிகளிலே காணப்படும் மஞ்சளல்லி எங்கிருந்து வந்தது? அது நூபார் அன்று. அமெரிக்காவிலே மெக்சிக்கோவிலும் புளோரிடாவிலும் இயல்பாகப் பூக்கும் மஞ்சள்நிற அல்லியின் வழிவந்தது. பிரான்சு தேசத்திலே லத்தூர் மார்லியாக்கு என்பவர் 1875இல் ஒரு நீர்ச்செடித் தோட்டம் அமைத்து, அந்த அமெரிக்க மஞ்சளை ஐரோப்பிய வெள்ளையோடு கலந்து புதிய நிறங்களைப் பிறப்பித்தார். 1889இல் பாரிசு நகரப் பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்டன. ஓவியர் குளோட் மோனே தம் குளத்திற்கு அவரிடமே அல்லி வாங்கினார். உலகறிந்த அல்லி ஓவியங்கள் பல அக்குளத்தைப் பார்த்து வரைந்தவை. அதன்பின் அழகுக்காக நீர்ச்செடி வளர்க்கும் பழக்கம் உலகெங்கும் பரவியது.

அப்பழக்கம் இலங்கைக்கு இட்ட விலை சிறிதன்று. அழகுச் செடியாகக் கொண்டுவரப்பட்ட ஆகாயத்தாமரை சில ஆண்டுகளுக்குள் வாய்க்கால்களை அடைத்துவிட, அதனை ஒழிப்பதற்கென்றே 1909இல் ஒரு கட்டளைச்சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. 1939இல் ஆராய்ச்சிக்காகக் கொழும்புக்கு வந்த சல்வீனியா வயல்களையும் ஆறுகளையும் மூடிப் படர்ந்தது. இவையிரண்டும் வெளிப்படையான பகைவர். எவரும் கண்டவுடன் களை என்று அறிவர், பிடுங்கி எறிவர்.

அழகாக வந்த பகையோ எவர் கண்ணிலும் படவில்லை. 1986ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. சிங்களத்திலே அதற்கு நில் மானெல் என்று பெயர். அறிவியற் பெயராகக் கொள்ளப்பட்டது நிம்பேயா நௌசாலியே. ஆனால் அப்பெயரின்கீழ் வெளியீடுகள் பலவற்றிலே அச்சிடப்பட்டு மக்கள் மனத்திற் பதிந்த படம் வேறொரு பூவுடையது. அடர்ந்த ஊதா நிறமும் பார்வைக்கு எடுப்பான தோற்றமும் உடைய அப்பூவைப் பேராதனைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் ஆராய்ந்தபோது, அது இந்நாட்டுக்குரியதன்று என்றும், வெளிநாட்டு அல்லிமரபில் வந்த கலப்பினமென்றும் கண்டனர். அழகுச் செடியாகத் தொட்டியில் இருந்தது குளத்திற்கு வந்து, பூசைப்பூவாகவும் விற்கப்பட்டு, இயற்கை நீர்நிலைகளிலே பரவிவிட்டது. கோயில் வாசலிலும் விகாரை வாசலிலும் நீலோற்பலம் என்று வாங்கி வைக்கப்பட்டவற்றுள் எத்தனை உண்மையில் நீலோற்பலமோ, சொல்வதற்கில்லை.

இது பெயர்ச் சண்டைதானே என்று ஒதுக்கிவிட முடியாது. பாரசீகம் சென்ற சொல் ஐரோப்பாவிலே மஞ்சட்பூவின்மேல் ஏறியதனால் எந்தக் குளத்திற்கும் கேடு வரவில்லை. நீலோற்பலம் நீலோற்பலமாகவே இங்கே பூத்துக்கொண்டிருந்தது. இந்தப் பிழை அத்தகையதன்று. தேசிய மலரைக் காப்போம் என்று எண்ணுகின்ற பள்ளி மாணவரும் ஊர்ச்சபையினரும் படத்திலுள்ள ஊதாப்பூவைத் தேடி நட்டால், உண்மையான நீல அல்லி வளரும் இடத்தை அந்நியனுக்குக் கொடுத்தவராவர். ஒரே குளத்தில் நெருங்கி வளரும் அல்லிகள் ஒன்றோடொன்று கலக்கக்கூடியவை. அக்கலப்பு நேர்ந்தபின் பழைய மரபைத் தனியே பிரித்தெடுப்பது எளிதன்று. செடியை வெட்டாமலே அழிக்கும் வழி இது. களையை ஒழிக்கச் சட்டமியற்றலாம். தேசிய மலரென்று கும்பிடப்படும் பூவுக்கு எதிராக எவர் சட்டமியற்றுவார்?

நிலாவெளிப் பக்கத்துக் குளங்களிலே நிற்பவற்றை இனங்காண்பது கடினமன்று. மாலை மயங்கியபின் மலர்ந்து, காலை வெயில் ஏற மூடுவதாய், இலையோரம் பற்கள்போல் வெட்டுண்டு, இலையின் அடிப்புறம் மென்மயிர் படர்ந்திருப்பது வெள்ளல்லி அல்லது செவ்வல்லி. காலையிலே மலர்ந்து, வெளிறிய நீலமாகவோ ஏறக்குறைய வெண்மையாகவோ தோன்றி, சிறுத்து அடக்கமாய் இருப்பது நீலோற்பலம். பளிச்சென்று ஊதாவாய்த் தெரிவதைக் கண்டால் ஐயுறவேண்டும். அழகிற் குறைந்தது எதுவோ அதுவே நம்முடையது என்பது கேட்பதற்குச் சற்று வருத்தமாயிருக்கலாம். ஆயினும் பண்டைப் புலவர் நெய்தலைப் பெண்களின் கண்ணுக்கு உவமையாக்கியபோது, பளபளப்பான ஊதாவையா நினைத்திருப்பர்?

ஆவணி, புரட்டாதி மாதங்களிலே இப்பகுதிக் குளங்கள் வற்றிச் சேறு வெடித்துவிடும். அப்போது இலையுமில்லை, பூவுமில்லை. ஆடுமாடுகள் குளத்தின் நடுவிலே மேய்கின்றன. அல்லியின் கிழங்கு அச்சேற்றுக்கடியிலே உறங்கிக் கிடக்கின்றது. காசுமீரத்து மஞ்சளல்லி பனிக்காலத்திற்குத் தப்புவதுபோல் இது வெயிற்காலத்திற்குத் தப்புகின்றது. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை இறங்கிக் குளத்திலே முதல்நீர் தேங்கியதும், சிவந்த மெல்லிலைகள் நீருக்குள்ளே முளைவிட்டு மேலேறத் தொடங்கும். மார்கழியிலே கரையில் நின்று பார்ப்பவர் எது எதுவென்று எண்ணிக்கொள்ளலாம்.